யார் பள்ளிக்கூடத்துச் சோறு

ஊஞ்சக்காட்டுப்புதூர்
14-6-1961

அன்புள்ள தம்பி ஆறுச்சாமிக்கு, அக்கா சென்னியம்மாள் எழுதுவது. இங்கு பேரன் முதல் மாடு கன்று வரை சுகம். உன் பித்தம் குறைந்ததா? காப்பியைக் குறை.

நேற்று உங்கள் நகரசபை ஆட்கள் வந்து நம் பள்ளிக்கூடத்துப் பலகையைக் கழற்றிவிட்டுப் புதுப் பலகை மாட்டினார்கள். அதில் ஊர்ப் பெயர் இல்லை, நம்பர்தான் இருக்கிறது. வரதராஜுலு வாத்தியாரை டவுனுக்கு மாற்றியாயிற்று. சோத்துக் கமிட்டியும் கலைந்ததாம். வீடு வீடாகப் பிடியரிசி வாங்கி, ஏழைப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சோறு போட்ட கமிட்டி. அதற்குத் தலைவி நான்.

வந்த ஆபீசரிடம், "ஏனுங்க, இனிமே சோறு யாருங்க போடுவாங்க?" என்று கேட்டேன்.

"எல்லாம் முனிசிபாலிடி பாத்துக்கும் பாட்டி, நீங்க ஊட்டுக்குப் போங்க" என்றார்.

பாட்டியாம்! என் பேரனுக்கு நான் பாட்டி, இவருக்கு என்ன? நான் படித்தது அஞ்சாங்கிளாஸ்தான். ஆனால் அந்தக் காலத்து அஞ்சாங்கிளாஸ்.

பள்ளிக்கூடத்தை நகரசபைக்கு எடுத்துக்கொள்ளக் கை தூக்கின மெம்பர்களில் நீயும் ஒருத்தன் என்று கேள்விப்பட்டேன். என்னிடம் ஒரு வார்த்தை சொன்னாயா?

பிடியரிசியை நிறுத்திவிட்டேன். உங்கள் பள்ளிக்கூடம், நீங்களே சோறு போடுங்கள்.

உன் அக்கா
சென்னியம்மாள்

டவுன்
22-6-1961

அன்புள்ள அக்காவுக்கு ஆறுச்சாமி வணக்கத்துடன் எழுதியது.

இவ்வளவு கோபத்திலும் என் பித்தத்தை விசாரித்தீர்களே, அது போதும். டவுனைச் சுற்றியுள்ள எட்டு ஊர்ப் பள்ளிகளையும் எடுத்திருக்கிறோம். கூரைக்குப் பதில் ஓடு, குழாய்த் தண்ணீர், வகுப்புக்கு ஒரு வாத்தியார். இதற்குக் கை தூக்காமல் வேறு எதற்குத் தூக்குவது?

சோற்றுக்கான உத்தரவு வரக் கொஞ்சம் நாளாகும். அதுவரை பிடியரிசியை நிறுத்தாதீர்கள். நீங்கள் சொன்னால் ஊர் கேட்கும். மெம்பராகக் கேட்கவில்லை, உங்கள் இடுப்பில் வளர்ந்தவனாகக் கேட்கிறேன்.

தங்கள் தம்பி
ஆறுச்சாமி

ஊஞ்சக்காட்டுப்புதூர்
3-7-1961

அன்புள்ள தம்பிக்கு,

இடுப்பில் வளர்ந்தவன் நேரில் வந்தல்லவா கேட்க வேண்டும்? டவுனுக்கும் நம் ஊருக்கும் நடுவில் கடலா இருக்கிறது?

பக்கத்து வீட்டுக் கருப்பாத்தாள் நேற்று வந்தாள். "அக்கா, பானையில அரிசி சேந்துபோச்சுங்க, பள்ளிக்கூடத்துல குடுத்துரட்டுங்களா?" என்றாள். "டவுன்காரனுக்கு எதுக்கு அம்மணி நம்ம அரிசி? உன்ற கோழிக்குப் போடு" என்றேன். சிரித்துக்கொண்டே போனாள். ஊர் என் பேச்சைக் கேட்கிறது, அது வாஸ்தவம்.

நம் தோட்டத்தில் பண்ணையம் பார்க்கும் மாசாணத்துக்கு ராசாத்தாள் என்று ஒரு சிறு பெண், ரெண்டாங்கிளாஸ். நான் பள்ளிக்கூடத்தைத் தாண்டிப் போகும்போதெல்லாம் ஓடி வந்து, "ஆத்தா, எப்பச் சோறு போடுவீங்க?" என்கிறாள். "முனிசிபாலிடியக் கேளு கண்ணு" என்றேன். அது ஏதோ ஒரு ஆள் என்று அவளுக்கு நினைப்பு. "அவரு எப்ப ஆத்தா வருவாரு?" என்று கேட்கிறாள்.

பழைய பலகையை மாட்டு. கமிட்டியைத் திருப்பிக் கொடு. அன்றைக்கே உலை வைக்கிறேன்.

சென்னியம்மாள்

டவுன்
18-7-1961

அக்காவுக்கு,

பலகையை மாற்ற எனக்கு அதிகாரமில்லை. உங்களுக்கு மட்டும் கமிட்டியைக் கொடுத்தால் மற்ற ஏழு ஊரும் கேட்கும். ஒரு ஊர் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கிறது, விசாரித்தால் மெம்பரின் அக்காவாம் என்று கூட்டத்திலேயே கேலி செய்கிறார்கள். நான் எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது?

என் அரிசிக் குடோனிலிருந்து நாலு மூட்டை அனுப்ப எனக்கு எவ்வளவு நேரம்? அனுப்பினால் நீங்கள் ஜெயித்துவிட்டதாகச் சொல்வார்கள். உத்தரவு வரட்டும்.

ஆறுச்சாமி

ஊஞ்சக்காட்டுப்புதூர்
20-8-1961

ஆறுச்சாமிக்கு,

சோறு போட உத்தரவு வந்துவிட்டது, விழாவுக்கு வந்து அடுப்புப் பற்ற வையுங்கள் என்று ஆள் அனுப்பியிருந்தாய். வரமாட்டேன்.

நடந்ததை ஊர் சொல்லிக் கேட்டிருப்பாய். நானும் சொல்லிவிடுகிறேன். பத்து நாளைக்கு முன் ஒரு நாள், மத்தியான மணி அடித்ததும் சாப்பாடு உள்ள பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டார்கள். போக்கிடமில்லாத நாலு பிள்ளைகள் வேலியில் இருந்த காட்டாமணக்கு விதையை உடைத்து உடைத்துத் தின்றிருக்கிறார்கள். நிலக்கடலைப் பருப்பு மாதிரி ருசியாக இருக்குமாம். நாலும் வாந்தி எடுத்தன. மூன்று பிழைத்துக்கொண்டன. ராசாத்தாளை நம் வண்டியில் போட்டுக்கொண்டு டவுன் ஆஸ்பத்திரிக்கு ஓட்டினோம். என் மடியில்தான் கிடந்தாள். டவுன் எல்லையைத் தொடுவதற்குள் அடங்கிவிட்டாள்.

மறுநாள் யாரையும் கேட்காமல் நானே போய் உலை வைத்தேன். சோறு வெந்தது. பிள்ளைகளை யாரும் அனுப்பவில்லை.

அரிசியை எடுத்துக்கொண்டு மாசாணம் வீட்டுக்குப் போனேன். அவன் அடுப்புச் சாமானை மூட்டை கட்டிக்கொண்டிருந்தான். "உங்க மேல கோவமில்லீங்க ஆத்தா. தம்பிக்குக் கடுதாசி போட்டிருக்கறேன், பதில் வரட்டும்னு சொன்னீங்க. பெரியவங்க பேசிக்குவாங்கன்னு நாங்களும் இருந்துபோட்டோம்" என்றான். அரிசியை வாங்கவில்லை. பொண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு கிணத்துக்கடவுப் பக்கம் போய்விட்டான்.

அன்றைக்கு என் வீட்டில் அரிசி இருந்தது. உன் குடோனிலும் இருந்தது. யார் முதலில் இறங்குவது என்று நீயும் நானும் தபால் போட்டுக்கொண்டிருந்தோம்.

பொங்கலுக்குச் சீர் எடுத்துக்கொண்டு வராதே. இதற்குப் பதில் எழுதவும் உட்காராதே.

சென்னியம்மாள்