வீட்டிலேயே படிக்க வைப்பதற்கு முன்னால்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நலம், அவருடைய முழங்கால் வலி மட்டும் அப்படியேதான் இருக்கிறது, அதுவும் இல்லாவிட்டால் அவருக்குப் பேச விஷயம் இருக்காது. நீயும் குட்டியும் நலமா என்று வழக்கத்துக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே பதில் வேண்டும். போனில் பேசினால் சரிம்மா சரிம்மா என்றே வைத்துவிடுவாய், அவளும் பக்கத்திலேயே இருப்பாள், அதனால்தான் கடிதம்.

குட்டியைப் பள்ளியிலிருந்து நிறுத்திவிட்டு வீட்டிலேயே சொல்லிக்கொடுக்கலாமா என்று கேட்டிருந்தாய். தினமும் காலையில் வயிற்றுவலி என்று அழுகிறாள், டாக்டரும் ஒன்றுமில்லை என்கிறார், பள்ளிக்கூடம் என்றாலே பயம் வந்துவிட்டது போல என்றாய். நாங்களும் அப்படித்தான் நினைத்தோம். உன் அப்பாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை, நீ முடிவெடுக்கும் முன்பே வாத்தியாராகிவிட்டார். பஸ் ஓட்டிய காலத்துக் குரல் இன்னும் குறையவில்லையா, போனில் அவர் பாடம் நடத்திய லட்சணத்தில் மாடி வீட்டுக்காரர்களுக்கும் ஏழாம் வாய்ப்பாடு மனப்பாடம். போன சனிக்கிழமை நடுவில் யாரோ கதவைத் தட்ட, போனை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் தையல் கடைச் சட்டைகளுக்குப் பட்டன் வைத்துக்கொண்டே, இனி பள்ளிக்கூடம் கிடையாது, உனக்குச் சந்தோஷம்தானேடி என்றேன். அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டு, எனக்கு ஸ்கூல் பிடிக்கும் பாட்டி, ஆனா நான் அங்க இருந்தப்பதானே அப்பா செத்துப்போனாங்க, இப்ப அம்மா சாப்பிடறதே இல்ல, நானும் ஸ்கூலுக்குப் போயிட்டா அவங்கள யாரு பாத்துப்பாங்க என்றாள். அம்மாகிட்ட சொல்லிடாதீங்க, அழுவாங்க என்றும் சொன்னாள். சொல்ல மாட்டேன் என்றேன், இதோ சொல்லிவிட்டேன்.

அன்றிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. மாப்பிள்ளை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தபோது இவள் வகுப்பில் இருந்தாள் என்பது நம் யாருக்கும் தோன்றவே இல்லையே. நீயும் வீட்டிலிருந்தே ஆபீஸ் வேலை பார்க்கிறாய், தைரியமாக இருக்கிறாய் என்று நான் ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டிருந்தேன்.

வீட்டில் படிப்பது தப்பென்று சொல்லவில்லை, நீ நன்றாகவே சொல்லிக்கொடுப்பாய். ஆனால் இப்போது நிறுத்தினால் அவள் புத்தகத்தைப் பார்க்க மாட்டாள், உன் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். அதனால் அவசரப்படாதே. கடையில் லீவு கேட்டுவிட்டேன், முதலாளி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், வைத்துக்கொள்ளட்டும். விசா வந்ததும் கிளம்புகிறேன். அப்பா சோறு வடிக்கப் பழகுகிறார், நேற்று அடிப்பிடித்துவிட்டது, ஆனாலும் தின்றார். நான் வந்து கொஞ்ச நாள் இருக்கிறேன், அதற்குப் பிறகும் அவள் வீட்டில்தான் படிக்க வேண்டும் என்று தோன்றினால் அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

அதுவரை காலையில் அவள் கிளம்பும் முன் அவள் எதிரிலேயே உட்கார்ந்து சாப்பிடு. ஒப்புக்குக் கொறிக்காதே, கண்டுபிடித்துவிடுவாள். அழுகை வந்தால் எந்நேரமானாலும் எனக்குப் போன் போட்டு அழு. இரண்டு பேரும் நன்றாக இருக்க வேண்டும் கண்ணு, பதில் போட மறந்துவிடாதே. உன்னைப் பார்த்துக்கொள்வது என் வேலை, அதை அந்தக் குழந்தை தலையில் கட்டாதே.

இப்படிக்கு,
உன் அம்மா