தேவாலயத்தின் அடியில் காட்சிக்கு வைத்திருக்கும் என் பிள்ளையைத் தரக் கோருதல்

அனுப்புநர்:
சவரியம்மாள்,
க/பெ. காலஞ்சென்ற சின்னையன்,
முதுநகர், கடலூர்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
கடலூர்.

பொருள்: முதுநகர் பழைய தேவாலயத்தின் அடித்தளத்திலுள்ள தொல்பொருள் காட்சிக்கூடத்தில் வைத்திருக்கும் குழந்தையின் எலும்புகளை அடக்கத்திற்காக ஒப்படைக்க வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. 1981ஆம் ஆண்டு ஐப்பசி மழையில் என் தலைப்பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் இறந்தான். ஞானஸ்நானம் பெறாத பிள்ளைக்குக் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்று அப்போதைய கோயில் நிர்வாகத்தார் சொல்லிவிட்டார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கோயில் சுவரோரம், கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் புதைப்பது எங்கள் தெரு வழக்கம். கோயில் மேல் பட்டு வரும் மழையாவது ஞானஸ்நானமாக இருக்கட்டும் என்றுதான். என் கணவரும் அங்கேயே புதைத்தார். சிதம்பரத்திலிருந்து என் தாய்வீட்டார் வாங்கிவந்த கருமணி வளையல் பிள்ளையின் கையில் இருந்தது. அதில் ஒரு மணி குறைந்ததால், நான்தான் பச்சை பிளாஸ்டிக் மணி ஒன்றைக் கோத்திருந்தேன்.

2. 2007இல் கோயில் தரை உள்வாங்கியபோது அடியில் பழங்காலச் செங்கல் அறைகளும் பானைகளும் கிடைத்தன. சந்தோஷம். அந்த அறைகளையே காட்சிக்கூடம் ஆக்கினார்கள். அதற்குப் படிக்கட்டு இறக்கச் சுவரோரம் தோண்டினார்கள். அங்கே யார் கிடக்கிறார்கள் என்று தெருவில் ஒருவரையும் கேட்கவில்லை.

3. சென்ற மாதம் மாதர் சங்கத்தாரோடு அதைப் பார்க்கப் போனேன். கண்ணாடிப் பெட்டிக்குள், மஞ்சள் விளக்கின் கீழ் என் பிள்ளை கிடக்கிறான். பக்கத்தில் அதே கருமணிகள், அதே பச்சை மணி. "சுமார் முந்நூறு ஆண்டுகளுக்கு முந்தைய குழந்தை" என்று பலகையில் எழுதியிருக்கிறது. எனக்கு வயது ஐம்பது ஐயா. பள்ளிக்கூடப் பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

4. பொறுப்பாளரிடம் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. "இருக்கலாம்மா, யாரு இல்லன்னா? ஆனா மேல எழுதி அனுப்பியாச்சு. இனிமே அது கவர்மென்ட் பொருளு" என்றார். மறுவாரம் போனபோது பச்சை மணியை மட்டும் எடுத்துவிட்டிருந்தார்கள். அவனை அங்கே புதைத்ததற்குக் கோயிலில் சான்று கேட்டால், "ஞானஸ்நானமே ஆவாத புள்ளைக்கு நாங்க என்னான்னு கடுதாசி குடுக்கிறது?" என்கிறார்கள். அன்று மண்ணுக்கே ஆகாதவன், இன்று கண்ணாடிப் பெட்டிக்கு மட்டும் ஆகிவிட்டான். இனி யாரிடம் போவது என்று தெரியாமல்தான் தங்களுக்கு எழுதுகிறேன்.

5. நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாள். அதற்குள் பிள்ளையைக் கொடுத்தால், அவன் அப்பாவின் கல்லறையிலேயே சேர்த்து அடக்கம் செய்து மெழுகுவத்தி ஏற்றுவேன். கொடுக்க முடியாது என்பது தங்கள் முடிவானால், இவனுடைய தாய் இன்னும் உயிரோடு இருக்கிறாள் என்று அந்தப் பலகையில் ஒரு வரி சேர்க்கவாவது உத்தரவிட வேண்டுகிறேன்.

இடம்: கடலூர்
நாள்: 12.10.2009

இப்படிக்கு,
சவரியம்மாள்