விவா என்றாள் அந்த மூதாட்டி

ஐப்பசி 9, ஞாயிறு

விடியலிலிருந்தே அடைமழை. பூசைக்குப் பூ இல்லை; வில்வம் மட்டும்.

உவரியிலிருந்து சேவியரின் தொலைபேசி. ஒரே பள்ளியில் என்னோடு ஆசிரியராயிருந்தவர். மகள் ஸ்டெல்லா இத்தாலியில் ஒரு மூதாட்டிக்குத் துணையாக இருக்கிறாள். அவள் போன பேருந்து மலைச்சரிவில் உருண்டதாம். “பிள்ளை போயிட்டுன்னு சொல்லுதானுவ, சார்வாள்.” அவ்வளவே; வைத்துவிட்டார்.

எனக்கு மக்கட்பேறு இல்லை. என் வீட்டில் தங்கிக் கல்லூரிப் படிப்பை முடித்தவள் அவள். முறைப்படி எனக்குத் தீட்டில்லை. ஆயினும் குறுக்குத்துறை சென்று ஆற்றில் தலைமுழுகினேன். பூசை பாதியில்.

ஐப்பசி 10, திங்கள்

மழை விட்டது. உவரிப் பயணம்.

மாதா கோயிலில் துக்கமணி அடிக்கவில்லை. சேவியர் விடவில்லையாம். “முகத்தைப் பாக்காம எவனும் மணிக் கயித்தைத் தொடக்கூடாது வே!” நான் முழுகியதை அவரிடம் மறைத்தேன்.

நண்பகலில் அந்த மூதாட்டியே அழைத்தாள், மருத்துவமனையிலிருந்து. தேம்பலுக்கிடையே ஒரே சொல்: ‘விவா, விவா.’ உரோமையில் படித்த பங்குச்சாமியார் தொலைபேசியைப் பிடுங்கிக் கேட்டார். “காலுதான் முறிஞ்சிருக்கு. உயிரோட இருக்கா வே!” சேவியர் மணலிலேயே அமர்ந்துவிட்டார்.

மாலை, சாமியாரிடம் அச்சொல்லைப் பற்றிக் கேட்டேன். இத்தாலிய மொழியில் ஆணுக்கு விவோ, பெண்ணுக்கு விவா; பொருள் ‘உயிரோடிருக்கும்’. அதன் தாய்ச்சொல் இலத்தீன் ‘விவுஸ்’. வடமொழி ‘ஜீவ’ இலத்தீன் சொல்லின் உடன்பிறப்பு. இரண்டும் ஒரே தொல்வேரின் கிளைகளாம்.

நாள்தோறும் பூசையில் நான் சொல்லும் ஜீவன்! கடலுக்கப்பால் ஒருத்தியின் அழுகையில் அதன் தங்கை. எத்தனை தலைமுறை வாய்கள் கடந்து! ஈசனே, மெய் சிலிர்க்கிறது. நம் ‘உயிர்’ வேறு குலம். ஆயினும் இன்று மூன்றும் ஒரே பிள்ளையைத்தான் சுட்டின.

ஐப்பசி 11, செவ்வாய்

இளவெயில். மூக்குக்கண்ணாடி பழுது, கடைக்குப் போக வேண்டும்.

ஸ்டெல்லா பேசினாள். குரல் நலிவு. முழுகியதைச் சொல்லிவிட்டேன்.

“எனக்கா தலைமுழுகினிய மாமா? நல்லாருக்கே! தண்ணி குளிரோ?”

“குளிர்தான் அம்மா.”

“இன்னொருக்க முழுகுங்க. பிள்ளை பொறந்த சேதி கேட்டாலும் தகப்பன் முழுகணும்னு நீங்கதான சொல்லுவிய?”

சொல்வதுண்டு. எனக்கு வாய்க்காத நீராட்டு அது.

மாலை, குறுக்குத்துறை. கலங்கல் நீர். மூழ்கி எழுந்தேன். வாயில் மந்திரம் வரவில்லை. விவா.