கஞ்சி போட்ட கித்தான்

கொட்டாஞ்சேனை, கொழும்பு
4.2.1939

சேசு மரி சூசை

அன்புள்ள தங்கை மதலேனாவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். மகள் கிறேஸின் இருமல் குறைந்ததா? உனக்கு ஒரு நல்ல செய்தி. யுத்தம் வந்தால் என்னென்ன வாங்கி வைக்க வேண்டும் என்று அரசாங்கத்துக்குச் சொல்ல ஒரு பாதுகாப்புக் குழு அமைத்திருக்கிறார்கள். வியாபாரிகள் தரப்பில் ஆலோசகர் உன் அண்ணன்தான்! காயம்பட்டவர்களைத் தூக்கும் ஸ்ட்ரெச்சருக்கு எந்தக் கித்தான் துணி நல்லது என்று கேட்டார்கள். சொன்னேன். அது யாரிடம் கிடைக்கும் என்று கேட்டார்கள். என் கடையில் என்றேன். கண்டித் தொண்டர் படைக்கு நாற்பது தைக்கும் வேலையை உனக்கே வாங்கித் தந்திருக்கிறேன். துணி ரயிலில் வருகிறது.

அன்பு அண்ணன்,
மரியநாயகம்


கொழும்பு வீதி, கண்டி
19.2.1939

பாசமுள்ள அண்ணாவுக்கு,

கிறேஸ் நலம். அவளுடைய அப்பா போன பிறகு என் தையற்கடைக்கு வந்த பெரிய வேலை இதுதான். உங்களை நினைத்துக்கொண்டே இருக்கிறேன். ஆனாலும் நத்தார்ப் பண்டிகைக்கு வருகிறேன் என்று சொல்லி ஏமாற்றியதை மறக்கவில்லை!

அண்ணா, துணி பலகைபோல் விறைப்பாக இருந்தது. சந்தேகப்பட்டு ஒரு மூலையை நனைத்துக் கசக்கினேன். கஞ்சியெல்லாம் இறங்கி, தலையணை உறைக்குக்கூட உதவாத துணியாகிவிட்டது. உங்களை யாரோ ஏமாற்றிவிட்டார்கள் போலிருக்கிறது. குழுவிடம் சொல்கிறீர்களா? துணியைத் திருப்பி அனுப்பட்டுமா?

உங்கள் தங்கை,
மதலேனா


கொட்டாஞ்சேனை
23.2.1939

அன்புள்ள தங்கைக்கு,

குழுவிடம் என்ன சொல்வது? துணியைப் பார்த்துச் சரியென்று கையெழுத்திட்டவனே நான்தான். ஸ்ட்ரெச்சரை யாரும் தோய்த்துக் காயப்போடப் போவதில்லை. யுத்தமே வராது என்கிறார்கள். நனைத்துப் பார்ப்பதை விட்டுவிட்டு வேலையை முடி. கிறேஸின் கல்யாணத்துக்குத் தாய்மாமன் செய்ய வேண்டியது எவ்வளவோ இருக்கிறது. அதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்.

அண்ணன்,
மரியநாயகம்


கண்டி
28.6.1939

அண்ணாவுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை போகம்பறை மைதானத்தில் தொண்டர் படையின் ஒத்திகை. நல்ல மழை. நகரசபையில் வேலை செய்யும் இருளப்பன் என்பவரைக் காயம்பட்டவராகப் படுக்கவைத்துத் தூக்கியிருக்கிறார்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது துணி நடுவில் கிழிந்து, மனிதர் கல்லில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. இனி நடப்பது சந்தேகம் என்கிறார் டாக்டர்.

அவர் மனைவி பாப்பம்மா கடைக்கு வந்தாள். அழவில்லை. "நீங்க தைச்சதுதானாமேம்மா?" என்று மட்டும் கேட்டாள்.

கிழிந்ததைத் திருத்தித் தரச் சொல்லி என்னிடமே அனுப்பியிருக்கிறார்கள். தையல் ஓரிடத்திலும் விடவில்லை. அதற்கு நாலு விரல் தள்ளித் துணிதான் நார்நாராகப் போயிருக்கிறது. மற்ற முப்பத்தொன்பதையும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள், உங்களுக்குப் புண்ணியமாகப் போகும்.

மதலேனா


கொட்டாஞ்சேனை
10.7.1939

அன்புள்ள மதலேனாவுக்கு,

பயப்படாதே. கண்டி விபத்தை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார்கள். துணியைப் பற்றித் தெரிந்தவன் என்று விசாரணையையும் என்னிடமே ஒப்படைத்தது மாதாவின் கிருபை. இத்துடன் ஒரு தாள் வைத்திருக்கிறேன். நூல் தரம் குறைந்தது, தைத்தவளின் கவனக்குறைவு என்று டைப் அடித்திருக்கிறது. கீழே கையெழுத்திட்டு அனுப்பு. நீ விதவைப் பெண், உன்னை யாரும் ஒன்றும் செய்யமாட்டார்கள். என் பெயர் கெட்டால் குடும்பமே போய்விடும். இன்னும் இருநூறு ஸ்ட்ரெச்சருக்குத் துணி கேட்டிருக்கிறார்கள்.

அன்பு அண்ணன்,
மரியநாயகம்


கண்டி
14.7.1939

மரியநாயகம் ஐயா அவர்களுக்கு,

துணி நல்லதென்று சொன்னவர் நீங்கள். விற்றவர் நீங்கள். சரிபார்த்தவரும் நீங்கள். அது கிழிந்தால் விசாரிப்பவரும் நீங்களேதானா? பழியை மட்டும் தூக்கி என் தலையில் போடுகிறீர்களே, உங்களுக்கு வெட்கமாக இல்லை? பதினெட்டு வருஷமாக இந்த ஊரில் துணி தைக்கிறேன். மதலேனாவின் தையல் விட்டது என்று இன்றுவரை யாரும் சொன்னதில்லை. அதைச் சொல்ல என் கூடப்பிறந்தவர் வேண்டியிருந்திருக்கிறது.

என் குற்றம் வேறு. நனைத்துப் பார்த்தேன், தெரிந்துகொண்டேன், கிறேஸின் கல்யாணத்தை எண்ணி வாயை மூடிக்கொண்டு நாற்பதையும் தைத்தேன். இதைப் பாப்பம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள், "இத கொழும்புக்கு வந்து பெரியவங்ககிட்ட சொல்லுவீங்களா?" என்று கேட்டாள்.

சொல்லப்போகிறேன். திங்கட்கிழமை காலை ரயிலில் நாங்கள் இருவரும் கொழும்புக்கு வருகிறோம். எங்கள் சட்டசபை அங்கத்தவர் சந்திக்க நேரம் தந்திருக்கிறார். கிழிந்த கித்தானையும், நீங்கள் டைப் அடித்த தாளையும், உங்கள் கடிதங்களையும் கொண்டுவருகிறேன்.

உங்கள் வீட்டுக்கு வரமாட்டேன். எனக்காகச் சோறு வைக்க வேண்டாம் என்று அண்ணியிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
மதலேனா
தையற்காரி, கண்டி