அறுபதில் நிறுத்திய வண்டி

சம்பந்தியம்மாவுக்கு,

இன்று காலை உங்கள் வீட்டு வாசலில் நின்றவர்கள் மூன்று பேர்: நான், என் மகள், உங்கள் மகன். நடுவில், மூன்று மாதமாகத் துணி போர்த்திக் கிடந்த உங்கள் பேட்டரி ஸ்கூட்டர். உயிர் வராவிட்டால் மதியமே பழைய இரும்புக்குப் போட்டுவிடுவதாக மாப்பிள்ளை சொல்லியிருந்தார். முருகா என்று சாவியைத் திருப்பினேன்.

திரையில் சார்ஜ் ஐம்பத்தாறு சதவீதம் என்று எரிந்தது. நான் சிரித்த சிரிப்பில் எதிர் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

இதே வண்டியை நான் பட்டினி போட்டேனே, நினைவிருக்கிறதா? சஷ்டிக்கு நான் விரதமிருந்தால் அதற்கும் விரதம். பூஜ்யம் வரை ஓட்டி, ஒருநாள் அப்படியே நிறுத்தி, பிறகு நூறு வரை ஏற்றுவேன். வயிறு காய்ந்தால்தான் நன்றாக வாங்கும் என்று நினைப்பு. போகப் போகத் தூரம் குறைந்தது. ஒருமுறை மலைக்கோயிலிலிருந்து திரும்பும் வழியில் நின்றேவிட்டது. நீங்கள் வண்டியைத் தள்ள, நான் பஞ்சாமிர்தத்தைப் பிடித்துக்கொண்டு வந்தேன். விற்றுவிடலாம் என்றார் மாப்பிள்ளை. விற்றால் நம் இருவரையும் மலைக்கு யார் கூட்டிப் போவது?

பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், எத்தனையில் சார்ஜ் போட்டேன், எத்தனையில் எடுத்தேன், எவ்வளவு ஓடியது என்று ஒரு மாதம் எழுதினேன். வண்டியோடு வந்த புத்தகத்தை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இந்த லித்தியம் பேட்டரிக்குக் காலியாகக் கிடப்பதும் ஆகாது, எந்நேரமும் நிரம்பி நிற்பதும் ஆகாது. இருபதுக்குக் கீழே விடாமல் எண்பதில் நிறுத்தினால் நெடுநாள் உழைக்கும். தூரம் போகும் நாளில் மட்டும், கிளம்புமுன் நூறு. தப்பு என்னுடையதுதான் என்று உங்களிடம் வந்து ஒப்புக்கொண்டேன்.

"விரதம் உங்களுக்குங்க சம்பந்தி, என்ர வண்டிக்கு இல்லீங்க" என்றீர்கள்.

இழந்த தூரம் திரும்பவில்லை. அதற்குமேல் குறையவும் இல்லை. வண்டியும் விற்கப்படவில்லை.

நீங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று, ஆட்டோ காத்திருக்க, நான் சார்ஜர் வயரை எடுத்தேன். "வேண்டாமுங்க. திரும்பி வர நாளாகும். அறுபதுலயே கெடக்கட்டும்." நோட்டில் அதை நீங்களே எழுதினீர்கள். நீங்கள்தான் திரும்பி வரவில்லை. உங்கள் கையெழுத்தில் அந்த ஒரு வரிதான் என்னிடம் இருக்கிறது. பூஜை அலமாரியில் வைத்திருக்கிறேன்.

சாவியை என் கையிலேயே கொடுத்து, "நீங்களே வெச்சுக்கோங்க அத்தை" என்றார் மாப்பிள்ளை. வண்டி உங்களுடையது, உங்களைக் கேட்காமல் எப்படி? வருகிற சஷ்டிக்கு நூறு ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய், முருகன் காலடியில் பொட்டலம் போட்டுப் பூ கேட்கிறேன். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்பு வந்தால் சாவி மாப்பிள்ளைக்கு.

எனக்குப் பொறுமை இல்லீங்க. சீக்கிரம் பதில் சொல்லுங்க.