மாமனுக்கும் சொல்லாத வட்டி

மரக்காணம்
12.3.2006

அன்பு மகள் செந்தமிழுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், பம்பாயில் நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருப்பீர்கள் என்று நம்பித்தான் பேனாவை எடுத்தேன். போன மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர் நின்றது, அது வடிந்து பாத்தி மிதித்து முதல் உப்பு இந்த வாரம்தான் வாரினார்கள், அப்பா வெயிலில் நின்று கறுத்துப்போய்விட்டார், தொப்பி வாங்கிக் கொடுத்தால் ஆணியில் மாட்டிவிட்டுப் போகிறார், நீ போனில் ஒரு அதட்டல் போடு.

டெல்லி யுனிவர்சிட்டியில் பாடம் நடத்தும் வேலைக்குப் போட்ட லீவு ஜூனோடு முடிகிறது, வட்டியைத் தீர்மானிக்கும் ரிசர்வ் பேங்க் வேலையிலேயே இருக்கச் சொல்கிறார்கள், திரும்பிப் போகட்டுமா இருக்கட்டுமா என்று கேட்டிருந்தாய். அதற்கு முன் உன் மாமன் தங்கராசு சமாச்சாரம், போனில் சொன்னால் பாதியிலேயே விடும்மா என்பாய். ஐப்பசியில் அவன் பொம்மையார்பாளையத்தில் வீடு கட்டக் கடன் கேட்கப் போனபோது, மாறாத வட்டியா ஏறி இறங்கும் வட்டியா என்று பேங்கில் கேட்டார்கள். அன்றைக்கு நீ பேசிக்கொண்டிருக்கும்போதே ரிசீவரை என் கையிலிருந்து பிடுங்கி, "ஏம்மா, வட்டி ஏறுமா எறங்குமா, மாமனுக்கு மட்டும் சொல்லு, வெளிய போவாது" என்றான். "அத மட்டும் கேக்காதீங்க மாமா" என்று நீ சொன்னதும் அவன் முகம் விழுந்துவிட்டது. உன்னை மெட்ராஸில் எம்.ஏ. சேர்க்க டிரங்குப் பெட்டியைத் தலையில் சுமந்து வந்தவன், நீ அமெரிக்காவுக்கு டாக்டர் பட்டம் படிக்கப் போனபோது ஏர்போர்ட்டில் என்னைவிட அதிகம் அழுதவன். "படிக்கசொல்ல மாமன் வேணும், பதவி வந்தா வேணாமா" என்று சொல்லிவிட்டுப் போனான். எனக்கு யார் பக்கம் பேசுவதென்றே தெரியவில்லை. அப்பாதான், "அவ சொல்லிட்டா அப்புறம் அந்த நாற்காலில அவ உக்காரக் கூடாது" என்றார். மாமன் தானே யோசித்து ஏறி இறங்கும் வட்டியை எடுத்தான். பொங்கல் வரிசையை ஆள் மூலம் அனுப்பினான், அவன் வரவில்லை. தை கடைசியில் வட்டியும் ஏறிவிட்டது, என் தம்பி இனி இந்த வாசல் மிதிக்க மாட்டான் என்றே நினைத்தேன்.

போன வாரம் கிளியனூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்குப் பக்கத்து இலையில் பச்சமுத்து, அதுதான் உப்பு வியாபாரம் பண்ணுகிறாரே அவர்தான், "ரிசர்வ் பேங்க்லயே பொண்ணு இருக்குது, வட்டி ஏறப்போறது உங்க வூட்டுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும், நாங்கதான் ஏமாளிங்க" என்று நாலு பேர் கேட்கச் சொன்னார். எதிர் வரிசையில் இருந்த உன் மாமன் எச்சில் கையோடு எழுந்து நின்று, "யோவ், நானே ஏறி எறங்குறத எடுத்துட்டு முழிச்சிக்கினு இருக்கறேன், தூக்கி வளத்த மாமன் எனக்கே சொல்லல, உனக்கு ஒரு வட்டி எனக்கு ஒரு வட்டின்னு சொல்ற பொண்ணு இல்லய்யா அது" என்று கத்தினான். பிறகு யாரோ சிரிக்க, பச்சமுத்துவும் சிரித்துவிட்டார், மாமன் உட்கார்ந்து இன்னொரு கரண்டி பாயசம் கேட்டான். திரும்பும்போது வேனில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். "கோவத்துலதாங்க்கா எழுந்தேன், சொல்லி முடிச்சப்புறம்தான் அவ இன்னா பண்ணியிருக்கான்னு எனக்கே புரிஞ்சிது" என்றான், அப்புறம் வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

ஆகவே மாமனை நினைத்து அந்த வேலையை விட வேண்டியதில்லை. பாடம் நடத்திய நாட்களில் உன் குரலே வேறு மாதிரி இருந்தது, வகுப்பில் பிள்ளைகள் மடக்கி மடக்கிக் கேட்டதை நீ சொல்லிச் சிரிப்பாய், இப்போது ஒவ்வொரு வார்த்தையும் யோசித்துப் பேசுகிறாய், என்னைக் கேட்டால் வகுப்புக்கே போ என்பேன். ஆனால் முடிவு உன்னுடையது, எங்கே இருந்தாலும் எங்களுக்குச் சந்தோஷம்தான். வேளைக்குச் சாப்பிடு, கண் டாக்டரைப் பார்.

ஞாயிறு காலை மாமன் இங்கே வருவான், நீயே போன் பண்ணு, அவனாகப் பேச வெட்கப்படுவான். வைகாசியில் புது வீட்டில் பால் காய்ச்சுகிறார்கள், முதல் விளக்கு நீதான் ஏற்ற வேண்டுமாம், உன் மாமியிடம்கூட அதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்துவிட்டான்.

நீயும் மாப்பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் மனநிறைவோடு வாழ வேண்டும்.

உன் அன்பு அம்மா,
அ. தையல்நாயகி