மரத்துக்கு அந்தாண்ட இருக்கும் களிம்பு

முன்தோல் எடுத்த புண் ஆறுவதற்குள், ஜட்டியை இறுக்கிப் போட்டுக்கொண்டு இட ஒதுக்கீடு கேட்டு நடந்த சாலை மறியலுக்கு மரம் வெட்டப் போனான் காசிநாதன். தோல் சிவந்து எரிய, வந்து மல்லாந்து தூங்கினான். எழுப்பினால் சண்டைதான் என்று மலர்க்கொடி காலண்டர் தாளைக் கிழித்துப் புருஷனுக்கு எழுதினாள்.

"யோவ், களிம்பு தீந்துபோச்சு. பஸ்ஸு இல்ல. நீ ரோட்ல சாய்ச்ச புளியமரத்த ஏறித் தாண்டிக்கினு கள்ளக்குறிச்சிக்கு நடந்தே போறேன். வேட்டிய தளரக் கட்டு. ஆறுன வெந்நீர ஊத்திக் கழுவுனா போதும். சோப்பு, பவுடரு, மஞ்சத்தூளு எதுவும் வேணாம். அரிச்சாலும் சொறியாத. துணி ஒட்டிக்கினா பிச்சு இழுக்காத, நனைச்சு எடு. பொம்பளைக்கு இன்னா தெரியும்னு கேட்டியே, டாக்டரு சொல்லச் சொல்ல நீ மோட்டுவளையப் பாத்துக்கினு இருந்த, நான்தான் கேட்டேன். களி சட்டில இருக்குது."

தாளின் ஓரத்தில் நுணுக்கி எழுதினாள்:

"மரத்தாண்ட உக்காந்துகினு இருக்கற உன் ஆளுங்க, காரணம் கேக்காம யாரையும் தாண்ட விடறதில்லையாம். அவங்ககிட்ட நீ குடலெறக்க ஆபரேசன்னு சொல்லி வச்சிருக்க. அவங்க என்னைக் கேட்டா, எத வெட்டுனாங்கன்னு வெவரமா சொல்லிட்டுத்தான் தாண்டுவேன்."